சாவுக்குச் சூட்டிய பூ

சாவைப் பாடாத இலக்கியம் உலகில் இல்லை. இறந்தவனுக்காக அழுவதும், அவன் பெயரைக் கல்லில் பொறிப்பதும், அவன் விட்டுச் சென்ற வெற்றிடத்தைச் சொற்களால் நிரப்ப முயல்வதும் கவிதையின் மிகப் பழைய தொழில்கள். ஆயினும், இறந்தவனைப் பாடுவது வேறு. இறக்கப் போகிறவனுக்கு முன்கூட்டியே பாட்டு எழுதி வைத்திருப்பது வேறு. முன்னது இரங்கல், பின்னது ஏவல். இரண்டும் ஒரே சொற்களையும் ஒரே பூக்களையும் ஒரே தாயின் கண்ணீரையும் எடுத்தாள்வதால் அவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. அப்படிப் பிரித்துக் காட்டுவது திறனாய்வின் கடமைகளுள் ஒன்று. அந்த நோக்கில், இரண்டாம் உலகப் போரின் ஜப்பானியத் தற்கொலை விமானிகளைப் பற்றிய எழுத்துகளையும், நம் மொழியிலேயே எழுந்த கரும்புலி இலக்கியத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

ஜப்பானிலிருந்து தொடங்குவோம். 1944 அக்டோபரில், தோல்வி நெருங்கிவிட்ட வேளையில், பிலிப்பைன்ஸில் இருந்த வைஸ் அட்மிரல் ஒனிஷி தகிஜிரோ, குண்டு பொருத்திய விமானத்தை விமானியோடு சேர்த்தே எதிரியின் கப்பல்மீது மோதச் செய்யும் படைப்பிரிவை அமைத்தார். அதன் முதல் நான்கு அணிகளுக்கும் சிக்கிசிமா, யமாட்டோ, அசாகி, யமசாக்குரா என்று பெயரிட்டனர். இந்த நான்கு சொற்களும் பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் மொட்டோரி நோரினாகா எழுதிய ஒரு சிறு பாடலிலிருந்து எடுக்கப்பட்டவை. காலை வெயிலில் மலர்ந்து நிற்கும் மலைச் செர்ரியைப் பற்றிய பாடல் அது. அதில் போர் இல்லை, பேரரசர் இல்லை, உதிர்தலும் இல்லை. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக மலர்ந்தே இருந்த ஒரு பூவைப் போர்த்துறை பறித்து உதிர்த்தது எனலாம்.

இந்த மாற்றத்தின் வரலாற்றை ஜப்பானிய மானிடவியல் அறிஞர் எமிக்கோ ஓனுக்கி-டியர்னி 2002இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பழைய ஜப்பானில் செர்ரிப் பூ நெல்லோடும் உயிர்ப்போடும் காதலோடும் சேர்ந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த புதிய அரசு, பேரரசருக்காக உதிரும் இதழ் என்ற பொருளை அதன்மேல் படிப்படியாக ஏற்றியது என்பது அவர் காட்டும் முடிவு. மனிதனை உள்ளே வைத்து ஏவப்பட்ட குண்டு ஒன்றுக்கு 'ஓக்கா' என்று பெயர். அதற்கும் செர்ரி மலர் என்றே பொருள். கியூஷூ தீவின் சிரான் தளத்தில் பள்ளி மாணவியர் செர்ரிக் கிளைகளை அசைத்து விமானிகளை வழியனுப்பும் நிழற்படம் உலகப் புகழ் பெற்றது. பாட்டில் தொடங்கிய பூ, பெயராகி, ஆயுதமாகி, வழியனுப்பும் சடங்காகி நின்ற கதை இது.

அனுப்பப்பட்டவர்கள் யார்? இவ்வாறு மடிந்த ஏறத்தாழ நாலாயிரம் பேரில் பெரும்பாலோர் பதின்ம வயதில் படையில் சேர்க்கப்பட்ட சிறுவர்கள். எஞ்சியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். 1943இல் மாணவர்களுக்கு இருந்த படைச்சேவை விலக்கு நீக்கப்பட்டபோது, அறிவியலும் பொறியியலும் படித்தவர்கள் பெரும்பாலும் தப்பினர். இலக்கியமும் சட்டமும் பொருளியலும் தத்துவமும் படித்தவர்கள் களத்திற்குச் சென்றனர். ஆகவே போருக்குப் பின் ஜப்பானுக்கு ஓர் அரிய, கொடிய இலக்கியச் செல்வம் கிடைத்தது: நன்றாக எழுதத் தெரிந்த இளைஞர்கள், தம் சாவின் நாள் தெரிந்த நிலையில் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும்.

இவற்றுள் ஹயாஷி இச்சிசோவின் எழுத்துகள் நம் கவனத்திற்கு உரியவை. 1922இல் பிறந்து, கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றவர். பக்திமிக்க கிறிஸ்தவத் தாயின் மகன். 1945 ஏப்ரல் 12இல் ஒக்கினாவா கடற்பகுதியில் மடிந்தார். விவிலியத்தையும், கீர்க்ககார்ட் என்னும் டென்மார்க் மெய்யியலாரின் நூல் ஒன்றையும் தம்மோடு வைத்திருந்தார். பேரரசருக்காக இறக்கும் விருப்பம் தம் நெஞ்சின் அடியிலிருந்து எழுந்தது என்று உண்மையாகச் சொல்ல முடியவில்லை. அவ்வாறு இறப்பது என்று தமக்காக முடிவு செய்யப்பட்டுவிட்டது என்ற கருத்தை அவர் எழுதி வைத்திருக்கிறார். தாய்க்கு எழுதும்போதோ, சிறு பிள்ளையாக அவர் மடியில் சாய்ந்துகொள்ளும் ஏக்கமே மேலோங்குகிறது. 1945 மே 11இல் மடிந்த உயேஹரா ரியோஜி, தம் கடைசி இரவில், ஒடுக்குமுறை அரசுகள் வீழ்ந்தே தீரும், தாம் சுதந்திரத்தில் நம்பிக்கை கொண்டவர் என்று எழுதினார். எந்த அரசின் வீழ்ச்சியை எதிர்பார்த்தாரோ அந்த அரசுக்காகவே மறுநாள் காலை விமானத்தில் ஏறினார்.

இத்தகைய எழுத்துகளைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, எல்லாக் கடிதங்களும் ஒரே நிலையில் எழுதப்பட்டவை அல்ல. மேலதிகாரி படிப்பார் என்று தெரிந்து எழுதிய இறுதிக் கடிதம் ஒன்று. தனக்கென எழுதிய நாட்குறிப்பு மற்றொன்று. முதல் வகையில் அமைதியும் நன்றியும் வணக்கமும் நிறைந்திருக்கும்; இரண்டாம் வகையில் அச்சமும் வாதமும் வீட்டு நினைவும் இருக்கும். இரண்டாவது, தொகுப்பவரும் ஒரு தரப்பே. 1949இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற மாணவர் கடிதத் தொகுப்பில், போரை வெறியோடு போற்றிய கடிதங்களை ஒதுக்கிவிட்டே பதிப்பித்தனர். இன்றைய சிரான் நினைவுக் காட்சியகமோ தாய்க்கு விடைகூறும் கனிந்த கடிதங்களை முன்னிறுத்துகிறது. ஒன்று எதிர்ப்பைத் தேர்ந்தெடுத்தது. மற்றொன்று கண்ணீரைத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் ஜப்பானிய வாசகனுக்கு ஒரு நற்பேறு உண்டு. தாய்மாரும் உடன்பிறந்தோரும் காத்து வைத்த காகிதங்கள் இருப்பதால், ஒரு தொகுப்பை மற்றொன்றால் சரிபார்க்க அவனால் முடிகிறது. அனுப்பியவரின் சொல்லுக்கு எதிராக, அனுப்பப்பட்டவரின் சொல்லை நிறுத்திப் பார்க்க முடிகிறது.

நமக்கு அந்த வாய்ப்பு இருக்கிறதா? இக்கேள்வி பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதி வாசகர்களுக்குத் தொலைவான ஒன்றன்று. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி போரூர், பூந்தமல்லி வழியாகத்தான் ஸ்ரீபெரும்புதூர் சென்றார். இரவு பத்து மணிக்குப் பின் அங்கு நடந்தது உலகறிந்தது. தணு என்று அறியப்பட்ட இளம்பெண் கையில் சந்தன மாலையோடும், உடையினுள் வெடியோடும் வந்தார். ராஜீவ் காந்தியோடு, காவலர்களும் கட்சித் தொண்டர்களுமாகப் பதினான்கு பேருக்குக் குறையாமல் மாண்டனர். வெடிக்குச் சற்று முன் அவர் எதிரில் நின்று கவிதை சொன்ன பத்து வயதுச் சிறுமியும், அவளுடைய தாயும் அவர்களுள் இருந்தனர். வழக்கு பூந்தமல்லியில் அமைந்த தனி நீதிமன்றத்தில் நடந்தது. 1998 ஜனவரி 28இல் அந்நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

நீதிமன்றம் கேட்ட கேள்வி, யார் திட்டமிட்டார், யார் உதவினார் என்பது. இலக்கியம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பெண்ணுக்குச் சொற்களைக் கொடுத்தவர் யார்? அவருடைய நாட்குறிப்பு என்று ஒன்று நம்மிடம் இல்லை. தாய்க்கு எழுதிய மடல் என்று வாசிக்க எதுவும் இல்லை. அங்கேயே மாண்ட நிழற்படக் கலைஞர் ஒருவரின் கருவியில் எஞ்சிய சில படங்களே நம்மிடம் உள்ளன. மாலையேந்தி நிற்கும் முகம் தெரிகிறது. அந்த முகத்திற்குள் ஓடிய எண்ணம் தெரியவில்லை.

அந்த மௌனத்தைச் சுற்றி எழுந்திருப்பதோ பெரும் சொற்கோட்டை. 1987 ஜூலை 5இல் நெல்லியடியில், இலங்கைப் படையினர் தங்கியிருந்த பள்ளி வளாகத்திற்குள் வெடிமருந்து ஏற்றிய வாகனத்தை மில்லர் என்பவர் செலுத்தியதிலிருந்து கரும்புலிகளின் வரலாறு தொடங்குகிறது. 2009 வரை அவ்வாறு மடிந்தவர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் என்று விடுதலைப் புலிகளின் பட்டியல்களே கூறின. அவர்களைப் பற்றிய பாடல்களிலும் நினைவு மலர்களிலும் சில சொற்கள் மாறாமல் வருகின்றன. 'தற்கொலை' அங்கே 'தற்கொடை' ஆயிற்று. ஓர் எழுத்து மாறியவுடன் கொலை மறைந்து கொடை நிற்கிறது. மாண்டவர்கள் புதைக்கப்படவில்லை, 'விதைக்கப்பட்டனர்'. கல்லறை 'துயிலும் இல்லம்' ஆயிற்று. உடல் 'உயிராயுதம்' ஆயிற்று. கார்த்திகைப் பூ, அதாவது செங்காந்தள், மாவீரர் மலராயிற்று. மாண்டவரின் உறவினர்க்கு இச்சொற்கள் ஆறுதல் தந்தன என்பதை மறுக்க இயலாது. ஆனால் இச்சொற்களே அடுத்தவரை அழைக்கும் அழைப்பாகவும் இருந்தன. ஒரே சொல் இரங்கலும் ஏவலுமாக இருக்கும் நிலை இதுதான்.

செர்ரிக்கு நேர்ந்தது காந்தளுக்கும் நேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ் மரபு போருக்கென்றே பூக்களை ஒதுக்கி வைத்த மரபு. ஆநிரை கவர்வதற்கு வெட்சி, அதனை மீட்பதற்குக் கரந்தை, நேர்நின்று பொருவதற்குத் தும்பை, வெற்றிக்கு வாகை. காந்தளோ பெரும்பான்மையும் குறிஞ்சி நிலத்துக் காதலுக்கும் முருக வழிபாட்டுக்கும் உரியது. தலைவியின் மெல்விரலுக்கு உவமையாகப் புலவர்கள் தேடிச் சென்ற பூ அது. குறுந்தொகையின் முதற்பாடலில் அது குருதிச் சிவப்போடு வரவில்லையா என்று புலமையுடையோர் வினவலாம். வருகிறது. ஆயினும் அப்பாடல், தலைவன் கொண்டு வந்த பூவை ஏற்க மறுக்கும் தோழியின் கூற்று. வேண்டாம் என்று திருப்பியனுப்பும் பேச்சு. அந்த மறுப்பு மறக்கப்பட்டு, சிவப்பு மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

புறநானூற்றுக்கும் இதே கதிதான். மேடைதோறும் கேட்கும் இரண்டு பாடல்கள் காக்கைபாடினியார் நச்செள்ளையாருடையதும் ஒக்கூர் மாசாத்தியாருடையதும் ஆகும். புறமுதுகு காட்டினானோ என்று மகனின் உடலைத் தேடிய தாயும், எஞ்சிய ஒரே மகனையும் களத்திற்கு அனுப்பிய தாயும் நம் வீரத் தாய்மாரின் இலக்கணமாக நிறுத்தப்படுகின்றனர். ஆனால் அதே நூலின் நாற்பத்தாறாம் பாடலைச் சொல்லும் மேடைகள் குறைவு. சோழன் கிள்ளிவளவன், பகைவனான மலையமானின் குழந்தைகளை யானைக் காலில் இடத் துணிந்தபோது, கோவூர் கிழார் என்னும் புலவர் இடையில் நின்றார். அவர் அரசனின் வீரத்தைப் புகழவில்லை. குழந்தைகளின் மருட்சியைக் காட்டினார். யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்ட பிள்ளைகளின் முகத்தை அரசன் காணும்படி செய்தார். சோழர்க்குள்ளேயே போர் மூண்டபோதும் அதனைத் தடுக்கச் சொல்லெடுத்தவர் அவரே. தமிழ்க் கவிதை ஏவும் கருவியாக மட்டும் இருந்ததில்லை. தடுக்கும் கையாகவும் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் கவிதை சொன்ன சிறுமியை நினைக்கும் போது, நமக்குத் தேவைப்பட்ட புலவர் எவர் என்பது விளங்குகிறது.

ஈழத்துச் சூழலை அறிந்தவர்கள் இங்கே ஒரு நியாயமான கேள்வியை எழுப்புவர். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது; 1983 ஜூலையில் தமிழர் வேட்டையாடப்பட்டனர்; 1995 ஜூலை 9இல் நவாலி தூய பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்த மக்கள்மீது விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவ்வளவு துயரில் பிறந்த சொற்களைப் பாதுகாப்பான ஊரில் இருந்து அளந்து பார்ப்பது முறையா? துயரம் உண்மை, அதற்கு நீதி இன்னும் கிட்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் துயரத்தின் நியாயம் ஒவ்வொரு சொல்லுக்கும் தானே வந்து சேர்ந்துவிடாது. 1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியின்முன் வெடித்த வாகனம் ஏறத்தாழ தொண்ணூறு பேரைக் கொன்று, ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் காயப்படுத்தியது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆயுதம் ஏந்தாதவர்கள். 1999 ஜூலை 29இல் அதே முறையில் கொல்லப்பட்ட நீலன் திருச்செல்வம் தமிழர். அரசியல் தீர்வுக்காக உழைத்த சட்ட அறிஞர். 'கொடை' என்ற சொல் இவ்விடங்களில் எதை மறைக்கிறது என்று கேட்பது துயரத்தை இழிவுபடுத்துவதாகாது.

ஜப்பானிய விமானிகளோடு நேர் ஒப்புமை தரும் நிகழ்ச்சியும் ஈழத்தில் நடந்தது. 2009 பிப்ரவரி 20 இரவு, வன்னியில் போர் முடிவை நெருங்கிய வேளையில், புலிகளின் இரண்டு சிறு விமானங்கள் கொழும்பு நோக்கிப் பறந்தன. ஒன்று உள்நாட்டு வருவாய்த் துறைக் கட்டடத்தில் மோதியது. மற்றொன்று கட்டுநாயக்கா அருகே வீழ்ந்தது. போரின் போக்கு மாறவில்லை. மூன்று மாதங்களில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. பல்லாயிரம் பொதுமக்கள் அங்கே மாண்டனர். 1945இன் ஒக்கினாவாவையே இது நினைவூட்டுகிறது. வெல்ல முடியாது என்று தலைமை அறிந்த பிறகும், அழகிய சொற்கள் மட்டும் இளைஞர்களை அனுப்பிக்கொண்டே இருந்தன.

இச்சொற்கோட்டைக்கு வெளியே நின்று பேசிய தமிழ்ப் படைப்புகள் சில உண்டு. 1990களின் இறுதியில் சந்தோஷ் சிவன் தமிழில் எடுத்த 'தி டெரரிஸ்ட்' திரைப்படம், தற்கொலைத் தாக்குதலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மல்லி என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் கடைசி நாள்களைப் பின்தொடர்கிறது. தன் வயிற்றில் ஓர் உயிர் வளர்வதை அறியும் அவள், விசையை அழுத்த வேண்டிய கணத்தில் தயங்கி நிற்பதோடு படம் முடிகிறது. மழைத்துளியையும் கண்ணிமையையும் அளவுக்கு மீறி அழகாக்கும் ஒளிப்பதிவு, சாவை அழகுபடுத்தும் பழைய குற்றத்தின் விளிம்பு வரை செல்கிறது என்பது குறை. ஆயினும் அப்பெண்ணின் தயக்கத்தைப் படத்தின் உச்சமாக வைத்தது பெரிய நிறை. வீரப் பாடல்களில் தயக்கத்திற்கு இடமே இல்லை அல்லவா? புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுத் தலைவியாக இருந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்', அவர் மறைவுக்குப் பின் 2016இல் வெளிவந்தது. உள்ளிருந்தவர் ஒருவரே தம் இயக்கத்தை வினவும் நூல் என்பதால் அதனைப் போற்றியோரும் தூற்றியோரும் பலர். அதன் ஒவ்வொரு முடிவையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஜப்பானிய மாணவர்களின் நாட்குறிப்புகள் ஆற்றிய பணியை, அனுப்பப்பட்டவர் பக்கத்துக் குரலை நமக்குக் கேட்கச் செய்யும் பணியை, அது தமிழில் தொடங்கி வைத்தது.

கிறிஸ்தவ வாசகர்க்கு இப்பொருளில் தனிப்பொறுப்பு ஒன்று உண்டு. வித்து, பலி, இரத்தம், சாட்சி ஆகிய சொற்கள் நம் வழிபாட்டிலும் புழங்குபவை. மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணி நமக்கும் உவமை. ஆகவே 'விதைத்தல்' என்ற சொல் நம் செவியில் மிக எளிதாக நுழைந்துவிடும். சிரான் இருக்கும் அதே கியூஷூ தீவில்தான் நாகசாகியும் இருக்கிறது. 1597 பிப்ரவரி 5இல் அங்கே சிலுவைகளில் கொல்லப்பட்ட 26 மறைசாட்சியருள் நம் நாட்டு வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் ஒருவர். மரபின்படி தோமா திருத்தூதர் ஈட்டியால் குத்தப்பட்ட பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு சாலை வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் அதற்கும் அப்பால். இவ்விரு வகைச் சாவுகளுக்கும் ஒரே சொல் பொருந்துமா? மறைசாட்சி தன் சாவைத் திட்டமிடவில்லை. அது பிறர் கையால் வந்தது. அவன் எவரையும் உடன் அழைத்துச் செல்லவில்லை. தன்னைக் கொன்றவன் வாழவேண்டும் என்றே விரும்பினான். இந்த மூன்று அடையாளங்களையும் நினைவில் வைத்தால், வித்து என்ற சொல் எங்கே உவமையாக நிற்கிறது, எங்கே திரையாகத் தொங்குகிறது என்பது விளங்கும்.

ஆகவே, சாவைப் போற்றும் பாடலோ மடலோ நம் கைக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். இதை எழுதியவர் சாகப் போகிறவரா, அனுப்புகிறவரா? இது யார் படிப்பதற்காக எழுதப்பட்டது? இதில் பேச்சு மறுக்கப்பட்டவர் எவர்? இவற்றைக் கேட்ட பிறகும் நெஞ்சைத் தொடும் வரிகள் உண்டு. தாய் மடிக்கு ஏங்கிய ஹயாஷியின் மடல் அத்தகையது. அதைப் படிப்பவர் எவருக்கும் விமானத்தில் ஏறத் தோன்றாது. ஏறிய பிள்ளையை இறக்கிக்கொள்ளவே தோன்றும். நல்ல இரங்கற்பாவுக்கு அதுவே உரைகல். படித்து முடித்தபின் இன்னொருவரைச் சாவுக்கு அனுப்பும் துணிவைத் தந்தால் அது ஏவல். எவரையும் அனுப்ப முடியாதபடி கையைப் பற்றி நிறுத்தினால் அதுவே இரங்கல். செர்ரியையும் காந்தளையும் மீண்டும் மலரும் பூக்களாகவே காண்பதற்கு அந்தப் பிடி தளராதிருக்க வேண்டும்.